ஐந்தாள் தேக்கு

எங்கள் அத்தை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சுற்றுலா ஏற்பாடு செய்தார். அதைக் கெடுத்த பெருமை என்னைச் சேரும்.

அன்னூரில் அப்பாவும் சித்தப்பாவும் நிலத்தைப் பாகம் பிரித்தபோது வரப்பு ஒரு முழம் தள்ளிப் போய்விட்டது. யார் பக்கம் தள்ளியது என்பதில்தான் தகராறு. அன்றோடு பேச்சு நின்றது. ஒருவர் மோட்டார் போட வந்தால் மற்றவர் கிணற்றுப் பக்கமே வரமாட்டார். அந்தத் தை மாதம் அத்தை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன்கள் இருவரும் ஒன்றாக மேடையேற வேண்டும் என்று அத்தை சொல்லாத நாளில்லை. இருவரும் தலையாட்டுவார்கள், தனித்தனியாக.

ஒருநாள் அத்தை வேன் பிடித்தார். போன வருடம் பக்கத்து வீட்டாரோடு போய்ப் பார்த்துவந்த ஆனைமலைக் காட்டுக் கிழட்டுத் தேக்கை நாங்களும் பார்த்தே ஆகவேண்டுமாம். கூடப்பிறந்தவள் கூப்பிட்டால் மறுக்க முடியாது. அப்பா முன்சீட்டிலும் சித்தப்பா கடைசி சீட்டிலும் வந்தார்கள். எட்டு வயதான நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி நடுவில் வந்தேன்.

வேனிலிருந்து இறங்கி, ஒரு கைடோடு மரத்தடிக்குப் போனோம். அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து வலித்தது. அப்பா செருப்பைக் கழற்றினார். சற்றுத் தள்ளி நின்ற சித்தப்பாவும் கழற்றினார்.

பெரியவர்கள் கைகோத்து மரத்தைக் கட்டிப் பார்ப்போம் என்றார் அத்தை. என்னிடம் சாப்பாட்டுக் கூடையைக் கொடுத்து, "அம்மணி, கொரங்கு தூக்கீட்டுப் போயிரும், நீ இங்கயே உக்காந்து பாத்துக்க" என்றார். பிறகு ஒரு கையில் அம்மாவையும் மறுகையில் சித்தியையும் பிடித்துக்கொண்டார். சித்தி அப்பாவின் முன்னால் நின்று பேசக்கூட மாட்டார். கணவரின் அண்ணன் கையை எங்கே பிடிப்பார்? ஆகவே அம்மாவை அடுத்து அப்பா, சித்தியை அடுத்து சித்தப்பா. மிஞ்சியது அப்பாவின் ஒரு கையும் சித்தப்பாவின் ஒரு கையும்தான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி.

"அண்ணா, இன்னுங் கொஞ்சம் எட்டிப் புடிங்க. தம்பி, நீயுந்தான்" என்று மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. இருவரும் பட்டையையே பார்த்தபடி நின்றார்கள். பிறகு சித்தப்பாவின் விரல்கள் மெல்ல நகர்ந்தன. அப்பாவும் கன்னத்தை மரத்தோடு அழுத்தினார்.

பாவம், எட்டவில்லையே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நடுவில் புகுந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டேன். "எட்டிருச்சுங்க அத்தை" என்று கத்தினேன். கூட வந்த கைடு கைதட்டினார். அப்பா சிரித்தார், சித்தப்பாவும் சிரித்தார், இருவரும் என்னைப் பார்த்து.

அத்தை மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அதற்குள் ஒரு குரங்கு எங்கள் புளிசாதத்தோடு மரமேறியிருந்தது. அதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்து, இனிமேல் கூடையை விட்டுப் போகமாட்டேன் என்று அத்தையிடம் சத்தியம் செய்தேன்.

போன மாதம் என் மகளோடு அங்கே போனேன். வளர்ந்தவர்கள் ஐந்து பேர் தாராளமாகக் கட்டிவிடலாம் என்றார் இப்போதைய கைடு. அத்தை எண்ணித்தான் ஆள் கூட்டிப் போயிருக்கிறார்.

வீடு திரும்பியதும் அத்தை மகளின் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். மேடையில் அப்பா ஒரு பக்கம், சித்தப்பா மறுபக்கம். நடுவில் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நான் நிற்கிறேன்.