புளித்தண்ணீர் ஊற்றிய பாத்தி

"உங்கட மண் டொக்டர் காலமாகிட்டா, அக்கா" என்று வுப்பர்டால் நகரக் கோயில் மடைப்பள்ளியிலிருந்து சுகந்தி தொலைபேசியில் சொன்னபோது, நான் பூசைச் செம்புகளைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. கோயில் மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக எழுதச் சொல்கிறார்கள். பொய் எழுத எனக்கு ஏலாது.

முனைவர் ரேவதி அவர்கள் மதுரையிலிருந்து இந்த அந்நிய நாட்டுக்கு வந்து மண்ணை ஆராய்ந்தவர். ஹம் நகரில் என் தோட்டத் துண்டுக்கு அடுத்தது அவருடையது. முதல் நாளே வேலிக்கு மேலால் எட்டி, "அக்கா, இந்தச் சாணி எந்தப் பண்ணை? கன்னுக்குட்டிக்கு ஆன்டிபயாடிக் குடுக்குறாங்களா?" என்றார். ஒரு வணக்கம்கூட இல்லை.

பூசைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் கால்மிதிபடக்கூடாது என்று நான் அதைக் கீரைப் பாத்திக்கே ஊற்றிவந்தேன். அதையும் கண்டுவிட்டார்.

"புளி செம்பைக் கரைச்சிடும்க்கா. அந்தச் செம்பு ஒரு கையால சாணியில வர்ற ஆன்டிபயாடிக் மருந்தையும் மறு கையால மண்ணையும் பிடிச்சுக்கும்."

"பிடிச்சால் நல்லதுதானே? கீரையில ஏறாது."

"ஒட்டிக்கிட்டா ஒழிஞ்சுதுன்னு அர்த்தமில்ல. மழையில போகாம தங்கிடும். மண்ணுல இருக்குற கிருமி அதுக்கே பழகிடலாம். அப்புறம் அந்த மருந்துக்கு அடங்காது."

"சாமித் தண்ணியை நஞ்செண்டு சொல்லுறியளோ?"

"சொல்லல. எவ்வளவு தங்குதுன்னு அளக்கணும். உங்க நோட்டைக் குடுங்க."

எந்தச் சாணம், எந்தப் பாத்தி, எத்தனை வாளி என்று நாள்தோறும் நான் எழுதும் கொப்பியைத்தான் கேட்டார். கொடுக்கவில்லை.

அந்த ஆண்டுத் திருவிழாவில் இதையே மடைப்பள்ளியில் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அன்னதானத்துக்கு நான் கொண்டுபோன கீரையை ஒருவரும் தொடவில்லை. கூடையோடு ரயிலில் திரும்பினேன். அதை நான் மன்னிக்கவில்லை, இன்றும் இல்லை.

நோயில் மெலிந்த பிறகும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று கொப்பியைக் கேட்டார். "மடைப்பள்ளியில நான் பேசினது தப்புக்கா. ஆனா மண்ணைப் பத்திச் சொன்னது தப்பில்ல."

மன்னிப்பிலும் விட்டுக்கொடுக்காத மனிதர்! "கொப்பி தர ஏலாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அவர் வரவில்லை.

செய்தி வந்த அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்திவரை போனேன். சரிக்காமல் வேலியோரம் வைத்துவிட்டேன்.

இறுதிச் சடங்கில் அவருடைய ஆய்வுகூடத் தோழியிடம் கொப்பியைக் கொடுத்தேன். கடைசி வரி இது: 'புளித்தண்ணீர் வாளியிலேயே இருக்கிறது. ஊற்றவில்லை.'

போய் வாருங்கோ, டொக்டர். கோபம் தீரவில்லை. ஆனால் கொப்பியில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. இனி உங்கட தோழி அளக்கட்டும்.