பனரில் நின்ற இருநூற்று எண்பத்தெட்டு

"எத்தனைக்கு, அம்மா?"

போன சனிக்கிழமை மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. இப்படிக் கேட்கப் பழக்கியதும் நான்தான். யாராவது எண்பது எடுத்தேன் என்றால் உடனே கைதட்டாதே, எத்தனைக்கு எண்பது என்று கேள் என்று என் டியூஷன் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொல்கிறவள் நான்.

அடுத்த மாதம் அவளுக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. அவள் எழுத முன்னரே தெருவில் கட்டும் வாழ்த்துப் பனருக்கு அளவெடுக்க வேண்டும் என்று என் அப்பா கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலே சுருட்டிக் கிடந்த என்னுடைய பழைய பனரை இறக்கினார். விறாந்தையில் விரித்ததும் அந்த மணம் வந்தது. புது மழைக்கோட்டில் மண்ணெண்ணெய் தெளித்தது போல. பன்னிரண்டு வருடமாகியும் போகவில்லை. நடுவில் ஒற்றைப் பின்னலுடன் நான், பாஸ்போட் படத்து முறைப்போடு. தலைக்கு மேலே தங்க நிறத்தில் 288.

மகள் கேட்டபோது, அளவு நாடாவைப் பிடித்தபடி அப்பாவும் என் முகத்தைப் பார்த்தார். பால் பொங்குது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் ஓடினேன். அடுப்பில் பாலே இல்லை.

அந்தப் பனர் கட்டிய காலத்தில் பட்டப்படிப்பு முடித்திருந்தேன். கடலியல் படிக்க அமெரிக்கா போக ஆசை. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் துறைமுகம் முழுதும் தெரியும். கடலைப் பார்க்க அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும் என்று அம்மா கேட்டது நியாயம்தான். மேற்படிப்புக்கான நுழைவுச் சோதனையைக் கொழும்புக்குப் போய் எழுதினேன். பக்கத்து ஊரான கிண்ணியாவிலிருந்து என் சிநேகிதி பரீனாவும் வந்திருந்தாள். அந்தச் சோதனையில் ஒரு வேடிக்கை உண்டு. மொத்தம் முந்நூற்று நாற்பது. ஆனால் கணக்குத் தொடங்குவதே இருநூற்று அறுபதில். கண்ணை மூடிக்கொண்டு விடைகளைத் தட்டுகிறவருக்கும் ஏறக்குறைய அது உண்டு. ஆகவே என் சொந்த உழைப்பில் வந்தது இருபத்தெட்டு. நான் போக நினைத்த இடம் கேட்டதோ முந்நூறுக்கு மேலே.

புள்ளி கணினித் திரையிலேயே உடனே வந்துவிட்டது. வெளியே வந்ததும் அப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"இருநூத்தி எண்பத்தெட்டு அப்பா, ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை. எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், சோதனை என்றால் ஐந்தாம் ஆண்டுச் சோதனை. அதற்கு மொத்தமே இருநூறு. முன்வீட்டுச் சண்முகத்தார் மகனின் நூற்று அறுபத்தொன்றுக்கு ஆறு மாதமாகப் பனர் கட்டி வைத்திருந்தார். துறைமுகத்தில் ஒரே கந்தோரில் இருபது வருடம் எதிரும் புதிருமாக இருந்தவர்கள் அவரும் அப்பாவும்.

பஸ் எங்கள் ஊருக்குச் சற்று முந்திய கப்பல்துறையைத் தாண்டும்போது தெளிவாக ஒரு முடிவு எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது, மூன்று மாதம் ஒழுங்காகப் படித்துத் திரும்ப எழுதுவது. நல்ல முடிவு. ஒழுங்கை முகப்பில் இறங்கி நிமிர்ந்தால், மின்கம்பத்திலிருந்து நானே என்னை முறைத்துக்கொண்டிருந்தேன்.

பனருக்குக் கீழே சண்முகத்தார் நின்று விரல்களில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெப்பிடி அண்ணை, இருநூறுக்கு இருநூத்தி எண்பத்தெட்டு?"

"அது அமெரிக்கச் சோதினை. அங்க எல்லாம் பெரிசு," என்றார் அப்பா.

அடுத்த நாள் வந்த பரீனா பனரைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு என்னைவிட இரண்டு குறைவு. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "இதை இண்டைக்கே கழட்டச் சொல்லுடி. இல்லாட்டி உனக்கு இனித் திரும்ப எழுத ஏலாது."

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு அப்பாவிடம் போனேன். "திரும்ப ஒருக்கா எழுதிப் பாக்கட்டோ?"

"இவ்வளவு எடுத்திட்டு ஏன் பிள்ளை? சனம் என்ன கதைக்கும்?"

தலையாட்டினேன். முடிவெடுத்தேன் என்று எழுதத்தான் கை வருகிறது. உண்மையில் என் முடிவை மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். விசாச் சிக்கல் என்று பிறகு ஒரு கதை சொன்னேன். ஒருவரும் துருவிக் கேட்கவில்லை. மாறாக, இருநூறுக்கு மேலே எடுத்த பிள்ளையிடம் எங்கள் பிள்ளையும் படிக்கட்டும் என்று முதலில் ஆறு பேரை அனுப்பினார்கள். அவர்களில் மூத்தது சண்முகத்தாரின் மகன். இன்றைக்கும் என் பிழைப்பு அதுதான்.

பரீனாவைத் தவிர அந்தப் பனரைக் குறைசொன்ன ஒரே சீவன், நகரத்துக்குள் சுற்றித் திரியும் மான்களில் ஒன்று. மழையில் கயிறு தளர்ந்து பனர் தொங்கிய ஒரு நாள், 'அமெரிக்கா செல்லவுள்ள' என்றிருந்த மூலையைச் சப்பித் தின்றுவிட்டுப் போனது. அது மட்டும் எல்லாம் அறிந்திருக்க வேண்டும்.

பரீனாவுக்கு யாரும் பனர் கட்டவில்லை. அவள் திரும்ப எழுதினாள். இப்போது எங்கோ பனி விழும் ஊரில் கடலைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். சண்முகத்தார் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டது. அந்த மின்கம்பத்தை வீதி அகலிக்கும்போது பிடுங்கிவிட்டார்கள். இப்போது பல இடங்களில் அந்தச் சோதனையையே கேட்பதில்லையாம். என் புள்ளிகளுக்கும் ஐந்து வருடம்தான் ஆயுள். அது எப்போதோ முடிந்துவிட்டது. இன்றைக்கு உலகத்தில் அந்த 288 மிஞ்சியிருக்கும் ஒரே இடம் எங்கள் விறாந்தைதான்.

அதோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நேற்று மகளின் மாதிரி வினாத்தாளைத் திருத்தினேன். நூற்று நாற்பத்திரண்டு. நல்ல புள்ளிதான். அவள் அழவில்லை, தாளை நாலாக மடித்தாள்.

"நீங்க இருநூறையும் தாண்டினனீங்கள். எனக்கு ஏலாது அம்மா."

உண்மையைச் சொன்னால் அவளுக்கு மூச்சு வரும். எழுபத்தைந்து வயது அப்பாவுக்கு எது வரும் என்று தெரியவில்லை. ஒருவேளை அவருக்கு எப்போதோ தெரிந்திருக்குமோ? தெரிந்திருந்தால் அந்தப் பனரை இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பாரா? தெரிந்ததால்தான் வைத்திருந்தாரோ? இப்படியே சோறு குழைந்துபோகும் வரைக்கும் யோசிக்கிறேன்.

வாற சனிக்கிழமை அப்பா புதுப் பனருக்குச் சொல்லப் போகிறார். அதற்குள் யாராவது எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். முதலில் மகளிடம் சொல்வதா, அப்பாவிடம் சொல்வதா? இரகசியமாகச் சொல் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நாங்கள் மூவரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம்.