மேடையில் ஒரு முன்பல்

என் வீட்டுக்காரருக்குப் பல் கட்டும் லேபில் வேலை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பல் செய்து திருப்பி அனுப்புவார். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. பல்லுக்குச் சொந்தக்காரர்கள் கறுப்பா சிவப்பா என்றுகூட அவருக்குத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமைதான் ஒருத்தி நேரில் வந்தாள். பல்கலைக்கழக நாடகத் துறை மாணவி. ஒத்திகையில் தடுக்கி விழுந்து முன்பல்லில் பாதி போய்விட்டது. சனிக்கிழமை மேடையேற வேண்டும். நிறம் பார்க்கச் சொல்லி டாக்டர் அவளை லேபுக்கே அனுப்பிவிட்டார். இவர் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக ஒட்டிவைத்துப் பார்த்து, மூன்றே நாளில் ஒரு தற்காலிகப் பல் செய்து கொடுத்தார். டாக்டர் பொருத்திவிட்டார். கண்ணாடி பார்த்த சந்தோஷத்தில் அந்தப் பெண் எங்களுக்கு இரண்டு டிக்கெட் அனுப்பினாள்.

சமையலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு நான் ஜம்மென்று கிளம்பினேன். கதையே இல்லாத நிகழ்ச்சி அது. ஒரு பாட்டு, ஒரு ஆட்டம், நடுவில் ஒரு கிண்டல், மறுபடி பாட்டு. பன்னிரண்டு பேர் குமாஸ்தா வேஷத்தில் மேஜை மேல் ஏறிக் குதித்த குதியில் மூன்றாம் வரிசையில் எங்கள் நாற்காலியே ஆடியது. என் கால் தானாகத் தாளம் போட்டது. இந்த மனிதரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தற்காலிகப் பசைடீ. இப்படிக் கத்துனா கழண்டுரும்."

"பாடுறவ வாயத் திறக்காம எப்படிங்க பாடுவா? பேசாம ஆட்டத்தப் பாருங்க."

ஒரு பாட்டுக்கு நடுவே அவள் விசில் அடித்தாள். இவர் பிடித்த பிடியில் என் மணிக்கட்டு சிவந்துவிட்டது.

கடைசிப் பாட்டுக்கு விளக்கெல்லாம் அணைந்து, மங்கலான ஊதா வெளிச்சம் ஒன்று வந்தது. ஆட்கள் தெரியவில்லை, வெள்ளைக் கையுறைகள் மட்டும் பளபளவென்று இருட்டில் ஆடின. காதலிக்கும் பேயாக நம் பெண் நடுவில் வந்து இளித்தாள். பல் வரிசை முழுக்க மின்னியது. நடுவில் ஒரே ஒரு கறுப்பு ஓட்டை. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அரங்கமே அதிர்ந்தது. அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வரிக்கு வரி இன்னும் அகலமாக இளித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"விழுந்துருச்சாங்க?"

"விழல. அங்கதான் இருக்கு. இந்த வெளிச்சத்துல நிஜப் பல்லு மின்னும். நான் போட்ட சரக்கு மின்னாது. ஜன்னல் வெளிச்சத்துல பாத்ததோட விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு பாட்டு எப்போது முடியும் என்று நானும் தவிக்க ஆரம்பித்தேன்.

வெளியே கூடத்தில் அவள் வேஷத்தோடு ஓடிவந்தாள். சாதாரண விளக்கில் எது நிஜப் பல், எது இவர் பல் என்று எனக்கே தெரியவில்லை.

"அங்கிள், அசையவே இல்ல! கடைசிப் பாட்டுக்குச் சிரிச்சாங்களே, கேட்டீங்களா? ஒத்திகையில ஒருத்தர்கூடச் சிரிச்சதில்ல. அந்தப் பாட்டையே தூக்கிடலாம்னு சார் சொன்னாரு. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வச்சேன்."

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று முந்திக்கொண்டு இவர் இடுப்பில் கிள்ளினேன். மனிதர் கேட்டால்தானே.

"நாளைக்கும் ஷோ இருக்கேம்மா, சொல்லாம விடக் கூடாது. அந்த ஊதா வெளிச்சத்துல என் பல்லு மட்டும் கறுப்பா, ஓட்ட மாதிரி தெரிஞ்சுது. தப்பு என்னோடது."

"அதுக்கா சிரிச்சாங்க?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

முதல் சிரிப்பே என்னுடையது. தரையைப் பார்த்தேன்.

"காலையில ஏழு மணிக்கு லேபுக்கு வாம்மா. மின்னுற சரக்கு இருக்கு, உன் பல் அச்சும் இருக்கு, மாத்திச் செஞ்சு தரேன், டாக்டரையும் வரச் சொல்றேன்" என்றார் இவர்.

தோழிகள் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். போனாள். எல்லோரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்க, நடுவில் அவள் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.