வீச்சம் இல்லாத தயிர்

தயிர் வாளிகள் வந்து இறங்கியதும் ஸ்டோர் அக்கா முதலில் மூடியைத்தான் பார்ப்பார். வாளியின் மூடி நடுவில் லேசாக உப்பியிருந்தால் விரலால் ஒரு தட்டு. "இது மூச்சு விடுது, வேண்டாம்" என்று காலாலேயே ஓரமாகத் தள்ளிவிடுவார். மூடி தட்டையாக இருந்தால் அடுத்தது தேதி. தேதியை வாசிப்பாரே தவிர, அதற்குப் பெரிய மரியாதை கொடுக்க மாட்டார். "தேதி கம்பெனிக்காரன் சொல்றது. தயிர் சொல்றத நாமதான் கேக்கணும்." பிறகு மூடியின் ஒரு பக்கத்தை நெம்பி, இரண்டு விரல் அளவு திறந்து, குனிந்து, கண்ணை மூடி, ஒரே ஒரு இழுப்பு. "ம், போகட்டும்." வாளி உள்ளே போகும்.

செவிலியர் பயிற்சி மாணவிகள் நூற்றிருபது பேர் தங்கும் விடுதி அது. சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையும், அதை ஒட்டிய குளிர் அறையும் பத்தொன்பது வருடமாக ஸ்டோர் அக்காவின் ஆட்சியில் இருக்கின்றன. நான் அதே விடுதியின் அலுவலகத்தில் அறிவிப்புகளை இரண்டு மொழிகளில் எழுதி ஒட்டுகிறவள். அதனால் என்னை எழுத்தம்மா என்பார். என் மேசையிலிருந்து பார்த்தால் சாமான் அறையின் வாசல் தெரியும்.

குளிர் அறைக்குள் போகும்போது தன் தம்பியின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்வார். கை நீளம் அதிகம். உள்ளே ஏதோ பெரிய குழந்தை வேலை செய்வதுபோல இருக்கும். பழைய வாளி முன்னால் வர வேண்டும், புதியது பின்னால் போக வேண்டும். கதவோரத்தில் தயிர் வைக்க விட மாட்டார். "கதவ திறக்கறப்பல்லாம் அதுக்கு வேர்த்து வேர்த்து அடங்கும், பாவம்." ஒருமுறை பரிமாறுகிற பெண் ஈரக் கரண்டியைத் தயிருக்குள் விட்டுவிட்டாள். அவளோடு ஒரு வாரம் அக்கா பேசவில்லை.

மேலே தெளிந்து நிற்கும் நீரைப் பார்த்து மாணவிகள் முகம் சுளித்தால் சிரிப்பார். "கெட்டுப்போகலடி, கொஞ்சம் அழுதிருக்கு. கலக்கிவிட்டா சமாதானமாயிடும்." ஆனால் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு பொட்டு தெரிந்துவிட்டால் மொத்த வாளியும் சாக்கடைக்குத்தான். அந்த இடத்தை மட்டும் வழித்தெடுத்துவிடலாமே என்று சமையல்கார அம்மா சொன்னால், "நீங்க பாக்கறது பூசணத்தோட தலைய. உடம்பு அடிவரைக்கும் போயிருக்கும்" என்பார்.

சமையல்கார அம்மாவுக்கும் அவருக்கும் எந்நேரமும் வாய்ச்சண்டை. "ஏம்மா ஸ்டோரு, எங்க வீட்டுக்காரர ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லேன், தேதி தாண்டிடுச்சான்னு."

"அதெல்லாம் வாங்கறப்பவே பாத்திருக்கணும்."

அந்த மூக்கை நம்பித்தான் விடுதியே சாப்பிட்டது. மாணவிகள் ஊரிலிருந்து கொண்டுவந்த பலகாரத்தைக்கூட அவரிடம் நீட்டி, "அக்கா, சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். அவர் சரி என்றால் சரி.

இரண்டு மாதத்துக்கு முன் அவர் ஒரு காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்து வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். வேறு மாற்றம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

அவர் திரும்பி வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் என் மேசைவரை பால் தீயும் வாடை வந்தது. ஓடினேன். சமையல்கார அம்மா வெளியே போயிருந்தார். அடுப்பிலிருந்து நாலடி தூரத்தில், முதுகைக் காட்டி நின்றபடி, அக்கா நிதானமாக வாளிகளுக்குத் தேதி எழுதிய காகித நாடாவை ஒட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைத்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். கரிந்த பாத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஜலதோஷம்" என்றார்.

அவர் தும்மி நான் பார்த்ததில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன். அதன் பிறகு கவனித்தேன். குனிவார், கண்ணை மூடுவார், இழுப்பார். முன்பெல்லாம் அதோடு முடிந்துவிடும். இப்போது கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறவரைப் போல ஒரு கணம் அப்படியே நிற்பார். பிறகு, "ம், போகட்டும்." நான் கேட்டிருக்கலாம். அடுத்தவர் விஷயத்தில் தலையிடாதவள் என்று எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் தயிர் சாப்பிட்டவர்களில் பதினான்கு மாணவிகளுக்கு மாலைக்குள் வாந்தி. இருவரைக் கையைப் பிடித்துப் படியிறக்கி மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. மறுநாள் நடந்த செய்முறைத் தேர்வுக்குப் பதினான்கு பேராலும் போக முடியவில்லை. இனி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தயிர் வாளியில் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் மீதி இருந்தது. அப்படியானால் வரும்போதே கெட்டுத்தான் வந்திருக்கிறது, தயிர் கொண்டுவரும் வேன்காரர் வெயிலில் போட்டுவைத்துக் கொண்டுவந்திருக்கிறார் என்று வார்டன் முடிவுகட்டினார். வேன்காரரை வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். அக்கா காலி வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவரைத் தேடிக் குளிர் அறைக்குப் போனேன். கம்பளிச் சட்டை போடாமல், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார்.

"கதவு ரப்பர்ல பனிக்கட்டி பிடிச்சிருந்துச்சு. ஞாயித்துக்கெழம பூரா சரியா மூடல" என்றார், நான் கேட்காமலே. "திங்கக்கெழம காலையில வந்து பாக்கறேன், பதிமூணு டிகிரி. நாலுக்குமேல போகக் கூடாது. மொத்தத்தையும் தூக்கிக் கொட்டியிருக்கணும்."

"ஏன்க்கா கொட்டல?"

"மோந்து பாத்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீச்சம் இருந்தா கெட்டது, இல்லாட்டி நல்லது. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். காய்ச்சலுக்கப்புறம் எதுலயுமே வீச்சம் இல்ல எழுத்தம்மா. எல்லாமே நல்லதாப் போச்சு."

குளிருக்குக் கைகளை உரசிக்கொண்டே, "சொன்னா என்னய எதுக்கு வெச்சிருப்பாங்க? எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார். பக்கத்தில் உட்கார இன்னொரு வாளி இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

பதினோரு மணிக்கு வார்டன் அறை. வேன்காரர் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். பத்து வருடமாக வருகிறவர். அவர் தயிர் போடும் இடங்களில் எங்கள் விடுதிதான் பெரியது.

"நாளையிலேர்ந்து உங்க வண்டி இங்க வர வேண்டாம்" என்றார் வார்டன்.

வேன்காரர் அவரோடு வாதாடவில்லை. நேராக அக்காவிடம் திரும்பினார். "அக்கா, நீங்க மோந்து பாத்துத்தானே உள்ள எடுத்தீங்க? கெட்டுப்போய்த்தான் வந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. ஒத்துக்கிட்டுப் போயிடறேன். வேற யாரு சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்."

அக்கா வார்டனின் மேசைக்கு ஓரடி முன்னால் வந்தார்.

"தம்பிமேல தப்பில்ல மேடம்" என்றார் அக்கா. கதவைச் சொன்னார். பதிமூன்று டிகிரியைச் சொன்னார்.

"தெரிஞ்சுமா பரிமாற விட்டீங்க? நீங்களா?"

"எனக்கு வாசனை தெரியறதில்ல மேடம். ரெண்டு மாசமா."

முதலில் சிரித்தவர் வேன்காரர்தான். "என்னக்கா நீங்க, என்னயக் காப்பாத்தறதுக்காக இப்படியா பொய் சொல்வீங்க? உங்களுக்கா வாசனை தெரியாது? பக்கத்துத் தெருவுல பால் திரிஞ்சாலே சொல்லிடுவீங்களே!"

வார்டனும் நம்பவில்லை. "பாவம் பாக்கற நேரமா இது? பதினாலு பொண்ணுங்க விஷயம். சும்மா எதையாவது சொல்லாதீங்க."

அக்கா மறுபடி சொல்ல வாயைத் திறந்தார். ஒருமுறை சொல்வதற்கு வேண்டிய பலத்தைத்தான் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

வார்டன் என் பக்கம் திரும்பினார். "எதிர்லதானே உக்காந்திருக்க. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியும் மேடம்" என்றேன். "ஒரு மாசமாத் தெரியும்."

வேன்காரரின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. அவர் அக்காவின் மூக்கையே பார்த்தார். வார்டனும் பார்த்தார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. வலது கை மெல்ல மேலே வந்தது. நாற்றம் பொறுக்க முடியாதவரைப் போல, உள்ளங்கையால் மூக்கை இறுக மூடிக்கொண்டார்.