ஓட்டை வண்டியின் உண்மை மதிப்பு

என் வண்டியை யாராவது பாராட்டினால் உடனே நான் அதைத் திட்டிவிடுவேன். எங்கள் பக்கத்தில் எல்லோருமே இப்படித்தான். புது வீடு கட்டியவனிடம் ஜோராக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், மழை பெய்தால் ஒழுகுகிறது என்பான். இதில் பாதி கண்பட்டுவிடும் என்கிற பயம், பாதி மரியாதை. கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. “அப்படிச் சொல்லாதீக, அரண்மனையாட்டம் இருக்கு” என்று அவர் மறுக்க வேண்டும். ஒருவர் இறக்குவார், மற்றவர் ஏற்றுவார். ஏற்ற வேண்டியவர் சும்மா நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நின்றவன் நான்.

வண்டி ஜீப் ஜாதி, இங்கிலாந்தில் செய்தது. ஏலக்காய் எஸ்டேட் ஒன்றுக்காகக் கப்பலில் வந்து, பாதி ஆயுளை மலையில் கழித்துவிட்டுப் போடிக்கு இறங்கியது. நான்கு சக்கரமும் இழுக்கும். உடம்பு அலுமினியம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தது. ஆனாலும் மூட்டுகள் என்னுடையதைவிட நல்ல நிலையில் இருக்கின்றன.

போன ஐப்பசி மழையில் போடிமெட்டுச் சாலை வளைவில் நின்றிருந்த ஒரு ஜீப்பின் மேல் மரம் சாய்ந்தது. அதற்குப் பத்தடி பின்னால் என் வண்டி. நான் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். மறுநாளே தேனியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் பாலிசியைப் புரட்டினார்.

“இதுல போட்டிருக்கிற மதிப்புக்கு ரெண்டு நல்ல சைக்கிள் வாங்கலாம்ணே.”

“மரம் என் வண்டி மேல விழுந்திருந்தா?”

“மரத்த வித்தா இதவிடக் கூடக் கெடைச்சிருக்கும்.”

பழைய வண்டிக்குக் கம்பெனியும் உடைமைக்காரரும் பேசி ஒப்புக்கொள்வதுதான் மதிப்பாம். உண்மையான விலைக்குப் போட வேண்டுமென்றால் மதுரையிலிருந்து சர்வேயர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். வரச் சொன்னேன்.

சர்வேயர் நூலில் கட்டிய ஒரு சிறிய காந்தத்தோடு வந்தார். வண்டியின் உடம்பெங்கும் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. அலுமினியம் என்று எழுதிக்கொண்டார்.

“வண்டிய நல்லா வச்சிருக்கீங்க.”

என் வாய் தானாகத் திறந்தது. “எங்க சார், ஓட்டை வண்டி. ஏத்தத்துல மூச்சு வாங்குது. ஒரு கியர் போட்டா இன்னொண்ணு விழுது.”

அவர் பேனா ஓடியது.

“என்ன சார் எழுதுறீங்க?”

“கியர் பாக்ஸ் பழுதுன்னு.”

“ஐயோ, அது சும்மா பேச்சுக்குச் சொன்னது சார்!”

“நானும் இந்தப் பக்கத்து ஆளுதான், எனக்கும் தெரியும். ஆனா எங்க ஃபாரத்துல பேச்சுக்குன்னு ஒரு கட்டம் இல்லையே.”

அவரை ஏற்றிக்கொண்டு மேட்டில் நாலு முறை ஓட்டிக் காட்டிய பிறகுதான் அந்த வரியை அடித்தார். இறங்கும்போது, “பழைய பேப்பர், ரிப்பேர் பாத்த நோட்டு ஏதாச்சும் இருந்தா மதிப்பு கூடும். முன்ன வச்சிருந்தவுககிட்டக் கேட்டுப் பாருங்க” என்றார்.

முன்பு வைத்திருந்தவர் போடி பஜாரில் இரும்புச் சாமான் கடை நடத்தும் ஓர் அக்கா. வண்டி அவர் கணவருடையது. கணவர் இறந்த பிறகு வண்டி நின்ற கொட்டகை சிமென்ட் மூட்டை அடுக்கத் தேவைப்பட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால், செய்தி கேள்விப்பட்டு நான் போய் நின்றபோது அக்கா வழக்கப்படி ஆரம்பித்தார்.

“இது என்ன தம்பி, கெழட்டு வண்டி. பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்.”

“அப்படிச் சொல்லாதீங்கக்கா, இது ராஜா வண்டி” என்பது நான் சொல்ல வேண்டிய வசனம். அதிலிருந்துதான் பேரம் தொடங்க வேண்டும். அது ராஜா வண்டி என்று தேனி மாவட்டத்திலேயே என் அளவுக்குத் தெரிந்த ஆள் இருந்திருக்க முடியாது. அந்த மாதிரி வண்டிகள் வெளிநாட்டில் என்ன விலைக்குப் போகின்றன என்று இரண்டு வருடமாக வாசித்திருந்தேன். வாசிப்பு மனிதனைப் பண்படுத்தும் என்று மேடைகளில் பேசியும் இருக்கிறேன்.

“ஆமாக்கா. எனக்கும் அப்படித்தான் தெரியுது” என்றேன்.

அக்கா வண்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பழைய இரும்புக்கு என்ன தருவார்களோ அதற்குக் கொஞ்சம் மேலே கொடுத்தேன், பெருந்தன்மையாக. அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துவிட்டேன். வழியில் கோடாங்கிபட்டி தாண்டும் வரை பின்னால் யாராவது கூப்பிட்டுக்கொண்டு வருகிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இப்போது நோட்டுக் கேட்டுப் போனபோது அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து வைத்தார். காபியும் வந்தது.

“எல்லாம் இதுக்குள்ள இருக்கு தம்பி. பைத்தியமாட்டம் எழுதி வச்சிருந்தாக.” பிறகு, கோபம் கொஞ்சமும் இல்லாமல் சொன்னார்: “அன்னைக்கு நீங்க பட்டுன்னு ஆமான்னு சொன்னதும் ஒரு வகைல நல்லதுதான். சாகுற வரைக்கும் அவுக இதப் பொக்கிஷம் பொக்கிஷம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக. ஞாயித்துக்கெழம ஆனா அதுக்கு அடியிலதான் கெடப்பாக. ஒரு கல்யாணம் காச்சிக்குச் சேர்ந்து போனதில்ல. நாலு எழுத்துப் படிச்ச நீங்களே ஆமான்னுட்டீக. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, இந்த மனுசன் காலம் பூராம் தகரத்தக் கட்டிக்கிட்டு அழுதிருக்காகன்னு. சம்பந்தி வீட்டுல கூடச் சொல்லிச் சிரிச்சேன்.”

நான் அவரை விலையில் ஏமாற்றியதாக மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். அதற்குச் சமாதானங்களும் தயாராக வைத்திருந்தேன்: வியாபாரம் என்றால் அப்படித்தான், பேரீச்சம்பழத்துக்கு என்று சொன்னது அவர்தான். அவர் கணவரைப் பைத்தியக்காரராக்கியது அந்தக் கணக்கில் வரவே இல்லை. காபி நன்றாக இருக்கிறது என்றேன். “டிகாஷன் எறங்கல தம்பி, தண்ணியாட்டம் இருக்கு” என்றார் அக்கா. இல்லவே இல்லை என்று மறுத்தேன். காபிக்கு மட்டும் தவறாமல் மறுக்கத் தெரிந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உள்ளே கப்பல் ரசீது முதல் எல்லாம் இருந்தன. நோட்டில் ஆயில் மாற்றிய தேதிகள், எந்தச் சாமான் எங்கே கிடைத்தது என்கிற விவரங்கள், ஓரமெல்லாம் கிரீஸ் விரல் ரேகைகள். ஒரு பக்கத்தில் மட்டும் வண்டி வேலை எதுவும் இல்லை. ‘கொச்சியிலிருந்து ஒருவர் வந்து நல்ல விலைக்குக் கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் சொல்லவில்லை.’

நோட்டைப் பார்த்த சர்வேயர், “இந்த மாதிரி ஆளுக கெடைக்க மாட்டாக சார்” என்று சொல்லிச் சான்றிதழ் கொடுத்தார். அதிலிருந்த தொகையை முதல் முறை சந்தோஷமாகப் படித்தேன். இரண்டாவது முறை படித்தபோது அது நான் செய்த வேலைக்குக் கொடுத்த சான்றிதழாகத் தெரிந்தது. கம்பெனி அந்தத் தொகையை ஒப்புக்கொண்டது. “இனிமே எத்தன மரம் வேணும்னாலும் விழட்டும்ணே” என்றார் ஏஜென்ட். ஒரு வாரம் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அடுத்த வாரம் ஒரு நகல் எடுத்துக்கொண்டு போடிக்குப் போனேன்.

அக்கா ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுத்து முடித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் படித்தார்.

“இது எந்த வண்டிக்கு?”

“உங்க வீட்டு வண்டிக்குத்தான்க்கா.”

மறுபடியும் படித்தார். “அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“அப்ப அவுக சொன்னது சரிதானா?”

“சரிதான்க்கா. நாந்தான் பொய் சொன்னேன்.”

“சம்பந்தி வீட்டுலயெல்லாம் சொல்லிச் சிரிச்சேனே” என்றார், என்னிடம் இல்லை, தராசுத் தட்டிடம்.

கோடாங்கிபட்டியிலிருந்தே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். “நியாயமா வர வேண்டிய மிச்சத்த நான் தந்துர்றேன்க்கா” என்றேன். மனதார உணர்ந்துதான் சொன்னேன். ஆனால் பதில் எப்படி வரும் என்பதும் எனக்குத் தெரியும். “அதெல்லாம் எதுக்குத் தம்பி” என்று அவர் மறுக்க வேண்டும். நான் இரண்டு முறை வற்புறுத்த வேண்டும். அவர் இரண்டு முறை மறுத்த பிறகு காபி வரும். நான் மனசு லேசாகி வீடு திரும்புவேன்.

அக்கா காகிதத்தை நான்காக மடித்தார்.

“சரி” என்றார். “எப்பத் தர்றீக?”

மூன்று தவணையாகக் கொடுத்தேன். என் மனைவி இன்றும் அதை வண்டியின் விலை என்று சொல்வதில்லை, என் படிப்பின் விலை என்கிறாள். கடைசித் தவணை கொடுக்கப் போன அன்று குழாய் வாங்க வந்த ஒருவர் வாசலில் நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“யாருதுக்கா இது?”

“எங்க வீட்டுக்காரர் வச்சிருந்தது. இப்ப இந்தத் தம்பி வச்சிருக்காக.”

“அருமையான வண்டியா இருக்கேண்ணே” என்றார் அவர், என்னைப் பார்த்து.

எங்க சார், ஓட்டை வண்டி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பணத்தை எண்ணிக்கொண்டிருந்த அக்கா எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“ஆமாங்க” என்றேன்.

அக்கா விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்.