ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. தீர்ந்துபோன அட்டையின் ஒரு துண்டைக் காட்டுவார்கள். அதுவும் இல்லையென்றால் நிறத்தைச் சொல்வார்கள். படவேட்டுக்குப் போகும் வழியில், மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு சின்ன ஊரில் கடை இருக்கிறது. வீடு ஆரணியில். பதினேழு வருடங்களாகப் போய் வருகிறேன். மலைப்பக்க ஊர்களுக்குப் போகும் பஸ் கடைக்கு எதிரே பத்து நிமிடம் நிற்கும். டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் மருந்து வாங்கிக்கொண்டு ஏறிவிட வேண்டும். அடுத்த பஸ் மூன்று மணி நேரம் கழித்துத்தான்.

படிக்கத் தெரியாதவர்களுக்காக நான் கவரின் மேல் படம் வரைந்து கொடுப்பேன். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. சாப்பாட்டுக்கு முன் என்றால் காலித் தட்டு, பின் என்றால் சோறு குவித்த தட்டு. இதற்காக என்னைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்தும் இருந்தது.

என் மகள் பி.ஃபார்ம் முடித்ததும் செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் வீட்டுப் பக்கமே வரும். போ என்றேன். அவள் கடைக்கு வருகிறேன் என்றாள். கரும்பு டிராக்டர்கள் ஓடும் சாலையில் இந்தப் பெண் தினம் ஸ்கூட்டியில் போவதா என்று தடுத்துப் பார்த்தேன். நான் பஸ்ஸில் வரும் நாட்களில் வழியெல்லாம் அவளுக்குப் போன் செய்வேன். "வண்டி ஓட்டிகினு இருக்கும்போது போன் பண்ணி, பத்திரமா ஓட்டுன்னு சொல்றியே, அதுதாம்மா டேஞ்சர்" என்பாள்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு கிறிஸ்தவர் எங்களிடம் வாடிக்கையாக வருவார். அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கும் வேலை செய்பவர். அவர் அதை ஆரணிக்கு எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் எங்கள் கடையில் இறங்குவார். அந்த அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, நூலைப் பிடிக்க முடியாமல் போனது. வேலூரில் ஒரு டாக்டர் மூட்டு வாதத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். வாரத்துக்கு ஒன்றே ஒன்று போட வேண்டிய மாத்திரை. தினம் போட்டால் ரத்த அணுக்களைக் குறைத்து, வாயிலிருந்து குடல் வரை புண்ணாக்கி, உயிருக்கே உலை வைத்துவிடும்.

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையை எப்படி வரைவது? யோசித்து, கவரில் ஒரு சிலுவை போட்டேன். பக்கத்தில் சோற்றுத் தட்டு. கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். எட்டு மாதம் ஒரு பிசகும் இல்லை. வீக்கம் வற்றி அந்த அம்மா பழையபடி நூல் சுற்றத் தொடங்கினார். அந்தச் சிலுவையைப் பற்றி மகளிடம் நான் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

இந்த வருடம், ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்கிய வாரத்தில் அவர் பத்து மாத்திரை உள்ள முழு அட்டையாக வாங்கினார். பத்து ஞாயிற்றுக்குக் காணும். எடுத்துக் கொடுத்தவள் என் மகள். கொடுக்கும்போது, "இத எப்படிப் போடணும்னு அவங்களுக்குத் தெரியும்ல?" என்று என்னிடம் கேட்டாள். எட்டு மாதமாக வாங்குகிறவர்கள், எல்லாம் தெரியும், பஸ் போய்விடும், கொடு என்றேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் மறுபடி வந்தார். காலி அட்டையை மேஜைமேல் வைத்து, அதில் இன்னோர் அட்டை, கூடவே வாய்ப்புண்ணுக்குச் சத்து மாத்திரை ஓர் அட்டை என்றார். வீட்டில் அந்த அம்மா ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பதால் சூடு ஏறி வாயெல்லாம் புண்ணாகிவிட்டது, கஞ்சிகூட இறங்கவில்லை என்றார். நான் சத்து மாத்திரையை எடுக்கத் திரும்பினேன். வெயில் காலம், நோன்பு, வாய்ப்புண். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மகள் அந்தக் காலி அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தபடி நின்றாள்.

"பெரியப்பா, இது பத்து வாரத்துக்கு. அதுக்குள்ள எப்படித் தீர்ந்துச்சு?"

"அது எனக்கு இன்னா தெரியும் பாப்பா. ஜல்தி குடு, டிரைவர் கிளாஸ கீழ வெச்சிட்டான் பாரு."

அவள் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போன் போடச் சொன்னாள். பஸ் ஹாரன் அடித்தது. நெடுநாளாகத் தெரிந்த மனிதர், இப்படி நிறுத்தி வைக்கிறாளே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. கொடுத்து அனுப்பேன் என்று நான் மெல்லச் சொன்னேன். அதைச் சொன்னேன் என்பதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. "சும்மா இரும்மா" என்றாள். என்னிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

போனில் அந்த அம்மாவின் குரல் கொழகொழவென்று வந்தது. நாக்கு தடித்த குரல். மாத்திரையை எப்படிப் போட்டீர்கள் என்று மகள் கேட்டாள்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்து ஒண்ணு. கவர்ல போட்டுகீதே, அப்டிதான். தவக்காலம் ஆரம்பிச்சதுலேர்ந்து சாயங்காலம் தெனம் பூசை இருக்குதே பாப்பா."

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைக்க எனக்குத் தெரியவில்லை.

மகள் 108க்குப் போன் செய்து ஊரையும் நோயாளியின் நிலையையும் நிதானமாகச் சொன்னாள். டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, காலி அட்டையைக் கையில் பிடித்தபடி அவருடன் அதே பஸ்ஸில் ஏறினாள். ஆம்புலன்ஸ் வரும்போது பக்கத்தில் விவரம் சொல்ல ஆள் வேண்டும் என்றாள். நான் கடையைப் பூட்டிவிட்டு ஆரணி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள்.

வேலூர் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, இதைத் தினம் போடச் சொன்னது யார் என்று கேட்டார். அந்த அம்மா புண்ணான வாயால், தனக்குத்தான் புத்தி இல்லை என்று சொல்ல முயன்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன். கடை லைசென்ஸ் ஞாபகம் வந்தது. நேற்றுப் படிப்பு முடித்த பெண்ணின் வாழ்க்கை ஞாபகம் வந்தது. என் மகள்தான் முன்னால் போய்ப் பேசினாள்.

"அவங்க மேல தப்பு இல்லங்க டாக்டர். எங்க கடைக் கவர்ல போட்ட அடையாளம்தான் தப்பு. அட்டைய எடுத்துக் குடுத்தது நான். கேட்டுட்டுக் குடுத்திருக்கணும்."

அவள் கேட்டாள். நான்தான் தட்டிவிட்டேன். அதை அவள் சொல்லவில்லை. அதன் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. வரைந்தது நான், கேட்டவளைக் கேட்க விடாததும் நான் என்றேன். டாக்டர் எங்களைத் திட்ட வேண்டிய அளவு திட்டினார். பிறகு மகளிடம், "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் ஊசி எழுதப் போய்விட்டார்.

அந்த அம்மா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கிய நாள் மகள் எனக்குப் போன் செய்து, "இட்லி சாப்ட்டாங்கம்மா, அரை இட்லி" என்றாள். அரை இட்லிக்கு நான் அழுதது அன்றுதான். குருத்து ஞாயிறுக்கு அந்த அம்மா கோயிலுக்கே நடந்து போனாராம்.

ஆனால் அவர் கணவர் கடைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசியிருந்தார்: "உங்கள நம்பிதாம்மா எடுத்துகினு போனேன்." இரண்டு மாதம் பஸ் வந்து நின்றுபோகும். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். இறங்கமாட்டார்.

டாக்டர் குறைந்த அளவில் மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னபோது, மகள் அவர்கள் வீட்டுக்கே போனாள். என்ன பேசினாள் என்று முழுதாக எனக்குத் தெரியாது. மறுவாரம் பஸ் நின்றதும் அவர் இறங்கினார். கக்கத்தில், வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர், அட்டையோடு. கண்டக்டர் படியில் நின்று கத்தினார்.

"யோவ், இன்னிக்கு இன்னா தேதின்னு என்னைக் கேட்டா சொல்ல மாட்டனா? அதயும் தூக்கிகினு வரியே."

அவர் எடுத்த டாக்டர் சீட்டை வாங்க நான் கை நீட்டினேன். அவர் என் கையைத் தாண்டி என் மகளிடம் நீட்டினார். "பாப்பா பாக்கட்டும்" என்றார்.

ஒரு கணம் முகம் சுட்டது. அடுத்த கணமே அது போய்விட்டது. பதினேழு வருடக் கடையில் ஒருவர் என்னைத் தாண்டி என் மகளிடம் சீட்டு நீட்டுகிறார், அதுவும் இந்த மனிதர். இதைவிட எனக்கு என்ன வேண்டும்.

மகள் காலண்டரைத் திருப்பிச் சிவப்பு எழுத்தில் வரும் ஞாயிற்றுத் தாள்களைத் தேடினாள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கவர், அதற்குள் ஒரு மாத்திரை, மேலே ஒரு ஸ்டேப்ளர் பின். அந்தத் தாள் மேலே வந்தால் மாத்திரை, வராவிட்டால் இல்லை. நாலு ஞாயிறு முடிந்ததும் காலண்டரை மறுபடி கொண்டுவர வேண்டும். அவள் பின் அடித்த ஒவ்வொரு தாளையும் நான் ஒருமுறை சரிபார்த்தேன். பிறகு இன்னொரு முறை.

"செவப்புதாம்மா, நாலும் செவப்புதான்" என்றாள் என் மகள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். டிரைவர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார்.