பதில் வரும்வரை காத்திருந்தவர்

அண்ணன் இல்லாமல் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிறவ நீதான், நீயே எழுதிரு" என்று உறவினர்கள் என்னிடம் விட்டுவிட்டார்கள். நான் அவருடைய ஒரே தங்கை. அவர் வாழ்க்கையை வரிசையாகவே சொல்கிறேன். ஆனால் அவர் தகப்பனாக இருந்த முதல் சில ஆண்டுகளைப் பற்றி மட்டும் சற்று நீளமாக எழுதப்போகிறேன். இந்த மலரை வாங்குகிறவர்களில் பலர் இடுப்பில் ஒரு பிள்ளையோடு வருவார்கள். அவர்களுக்கு அது உதவும்.

அண்ணன் பிறந்தது பரமக்குடியில் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பரமக்குடி எங்கள் அம்மாவின் ஊர். பிரசவத்துக்கு அம்மா அங்கே போவதாகத்தான் இருந்தது. பெட்டி கட்டி வைத்திருந்த நிலையில் வலி வந்து, அண்ணன் மதுரையிலேயே பிறந்துவிட்டார். மகாலுக்குப் பின்னால், சந்துக்குள் இருந்த வாடகை வீட்டில்தான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ். எங்களுக்கு அது ஒரு சிரமமாகவே தெரிந்ததில்லை.

அண்ணன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அப்பா காலமானார். அண்ணன் படிப்பை விட்டு, விளக்குத்தூண் பக்கம் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தார். முதலில் பண்டல் தூக்கினார், பிறகு விரித்த புடவைகளை மடித்தார், பிறகு அவரே விரித்துக் காட்டி விற்கத் தொடங்கினார். கடைசிவரை அதே கடைதான். என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்ததும் அவர்தான். தல்லாகுளத்தில் எனக்கு அலுவலக வேலை கிடைத்த அன்று கடையில் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் அதை மறுநாள்தான் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கடையில் அண்ணனின் பேச்சு பிரசித்தம். "எடுக்க வேணாம்மா, சும்மா பாருங்க. பாக்குறதுக்கு யாரும் காசு கேக்க மாட்டாக" என்று ஆரம்பிப்பார். அம்மாக்கள் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. விரித்தவர் வாய் ஓயக்கூடாது. வந்தவர் யோசிக்க ஆரம்பித்தால் எழுந்துவிடுவார். எனவே பேச்சு நிற்பதற்குள் அடுத்த புடவை விரிந்தாக வேண்டும்.

அண்ணனுக்குத் திருமணம் தாமதம். குழந்தை இன்னும் தாமதம். மகள் ரூபா பிறந்தபோது வீடே அவளைச் சுற்றித்தான் நடந்தது. அவள் நன்றாகப் படிக்க வேண்டும், தனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அண்ணனின் ஒரே ஆசை. நல்ல பள்ளி என்றால் இங்கிலீஷ் பள்ளி. எல்.கே.ஜி.க்கே பிள்ளையை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ரெண்டு பாஷையில பேசினா பிள்ளை குழம்பிரும். இப்பவே இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். ரூபாவிடம் சௌராஷ்டிரமும் கிடையாது, தமிழும் கிடையாது. "கம் பேபி", "ஈட் ரைஸ்", "டோன்ட் க்ரை". அண்ணி பத்தாம் வகுப்பு. அண்ணனின் படிப்பைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். அவர்களுக்கு இதற்கு மேல் வரவில்லை. மீதியை டி.வி. பார்த்துக்கொள்ளட்டும் என்று காலையிலிருந்து இங்கிலீஷ் கார்ட்டூன் ஓடியது. ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் ரூபாவைத் தூக்கி ஜன்னலருகே நின்று, "ரெயின்" என்றார். அவளும் பார்த்தாள். மேலே சொல்ல அவருக்கு எவ்வளவோ இருந்திருக்கும். ஆனால் இங்கிலீஷில் ஒன்றும் இல்லை. இருவரும் பேசாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரூபாவுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. ஒரு சொல்கூட இல்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவாள். கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து அழுவாள். வருகிற உறவினர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "நாக்குல தேன் தடவு", "எங்க வீட்டுப் பயலும் இப்படித்தான், தானா பேசினான்". அண்ணி கள்ளழகருக்கு வேண்டிக்கொண்டார். அண்ணன் இரவில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

இதில் முதல் அடி எடுத்து வைத்தது பக்கத்து வீட்டு ஆக்னஸ் டீச்சர். மிஷன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தவர். மாடியில் துணி காயப்போடும்போது அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்ணே, கடையில அம்புட்டுப் பேச்சு பேசுறீக. வீட்டுல சத்தத்தையே காணோமே? ஆள் இருக்கீகளா இல்லையான்னே தெரியல."

"பிள்ளைக்கு இங்கிலீஷ் வரணும்ல டீச்சர்."

"மொதல்ல பேச்சு வரட்டும். காது டாக்டர்கிட்ட காமிச்சீகளா?"

"பேச்சு வரலைன்னா காதை எதுக்கு?"

"கேட்டாத்தானண்ணே பேசும்! நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. தானா வரும்னு உக்காந்திராதீக."

மறுநாளே போனோம். சோதனை நடந்த அறைக்கு வெளியே அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். காதில் குறை இல்லை என்று டாக்டர் சொன்னார். பிறகு பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்மணியிடம் அனுப்பினார். அவர் ரூபாவைச் சற்று நேரம் விளையாட விட்டுப் பார்த்துக்கொண்டே எங்களிடம் பேச்சுக் கொடுத்தார்.

"வீட்டுல ரெண்டு பேருக்கும் சண்டை வருமா?"

அண்ணி சிரித்துவிட்டார். "வராம இருக்குமா மேடம்?"

"எந்த பாஷையில திட்டிக்குவீங்க?"

"எங்க பாஷையிலதான்."

"கொஞ்சுறது?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "அதுவும் அதுலதான்" என்றார்.

"பிள்ளைகிட்ட மட்டும் இங்கிலீஷ். உங்களுக்கு எம்புட்டு இங்கிலீஷ் வரும் சார்?"

"கம், கோ, ஈட், ஸ்லீப், குட் கேர்ள். அம்புட்டுத்தான் மேடம்."

"அப்ப அவளுக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கிறதும் அம்புட்டுத்தானே?"

ரெண்டு மொழி, மூணு மொழி கேட்டால் பிள்ளை கெட்டுப்போகாது, உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் நாள் முழுதும் அவளோடு பேசுங்கள், டி.வி.யை அணைத்துவிடுங்கள் என்றார் அவர். "பேசிட்டு, அவ பதில் சொல்ல இடம் விடுங்க. வாயால வரணும்னு இல்ல. பாத்தாலும் பதில்தான், கை நீட்டினாலும் பதில்தான்."

அன்று மாலையே டி.வி. நின்றது. அண்ணன் கடையிலிருந்து வந்ததும் ரூபாவை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் மொழியில் தொடங்கினார். அன்று வந்த கல்யாணக் கூட்டம், காலை மிதித்துப்போன மாடு, முதலாளியின் கோபம், எல்லாம் சொன்னார். குளிப்பாட்டும்போது, "இப்ப தண்ணி ஊத்துறேன், இப்ப முதுகு தேய்க்கிறேன்" என்று செய்வதையெல்லாம் சொன்னார். வீட்டுக்கு மறுபடி சத்தம் வந்தது. ஆனால் ரூபா பேசவில்லை.

அண்ணிதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். "நீங்களே கேக்குறீங்க, நீங்களே பதிலும் சொல்லிடுறீங்க. அவ என்ன கஸ்டமரா, எந்திரிச்சுப் போயிருவான்னு பயப்படுறதுக்கு? கொஞ்சம் வாயை மூடுங்க."

அண்ணனுக்கு அதுதான் கடினமாக இருந்தது. பேசுவது அவருக்குத் தொழில். பேசிவிட்டுக் காத்திருப்பது தொழிலுக்கே விரோதம். உதட்டை மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டு காத்திருப்பார். அப்படியும் இரண்டாவது மூச்சில் பேச்சு வந்துவிடும். அண்ணி முறைப்பார். மெல்ல மெல்லப் பழகினார். பழகப் பழக, ரூபாவிடம் ஏற்கெனவே எத்தனை பதில்கள் இருந்தன என்பது அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. புருவத்தைத் தூக்கினாள், கண்ணால் காட்டினாள், விரலை நீட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் வார்த்தையில் பதில் கொடுத்தார்.

அவருக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றுதான், கடை விளையாட்டு. துவைத்த துண்டுகளைக் கொண்டுவந்து பாயில் உட்காருவார். எதிரே ரூபா. ஒரு துண்டை உதறி விரித்து, "இது வேணுமாம்மா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவள் கையால் தள்ளுவாள். மடித்து வைத்துவிட்டு அடுத்ததை விரிப்பார். பல வாரங்கள் இப்படியே போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பச்சைத் துண்டு விரிந்தது. அண்ணன் கேட்டார், காத்திருந்தார். ரூபா துண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு எங்கள் மொழியில், தெளிவாக, "வேண்டாம்" என்றாள்.

வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லைக் கேட்டு முகம் வாடாமல் சிரித்துப் பழகிய மனிதர், அன்று துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். ரூபாவுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. அடுத்த துண்டுக்கும் வேண்டாம், அதற்கடுத்ததற்கும் வேண்டாம். அன்று வீட்டில் ஒரு துண்டும் விற்கவில்லை.

அதன்பின் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, பிறகு கூட்டமாக வந்தன. தெருப் பிள்ளைகளிடமிருந்து தமிழ் வந்தது. வேண்டுதலை நிறைவேற்ற அழகர்கோவிலுக்குப் போனபோது பஸ்ஸில் ரூபா பேச்சை நிறுத்தவே இல்லை. கண்டக்டர் காதைக் குடைந்துகொண்டு, "என்னண்ணே, பிள்ளை வாயே மூடாதா?" என்றார்.

"மூட வேணாம்ணே" என்றார் அண்ணன். "டிக்கெட் வேணா ரெண்டாப் போட்டுக்கங்க."

முதலில் ஆசைப்பட்ட பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. டீச்சர் வேலை பார்த்த பள்ளியில் சேர்த்தோம். இங்கிலீஷ் அங்கே வந்தது, வர வேண்டிய காலத்தில். இன்று ரூபா மூன்று மொழியிலும் பேசி ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். எல்லாப் பிள்ளைக்கும் இதே வழி பொருந்தும் என்று நான் எழுத மாட்டேன். சில பிள்ளைகளுக்கு நீண்ட பயிற்சி தேவைப்படுகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சந்தேகம் வந்தால் உடனே காட்டுங்கள். உங்களுக்கு வருகிற மொழியில் பேசுங்கள். பேசிவிட்டுக் காத்திருங்கள்.

அண்ணனின் கடைசி மாதங்கள் வருத்தமானவைதான், ஆனால் அமைதியானவை. பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. ரூபா லீவு போட்டுவிட்டு அவரோடேயே இருந்தாள். "இப்ப போர்வையைச் சரி பண்றேன்ப்பா. இப்ப தலையைத் துடைக்கிறேன்." காலையில் வந்த பேப்பர்காரரிலிருந்து முன்பு வங்கியில் கோபித்துக்கொண்ட வாடிக்கையாளர் வரை எல்லாம் சொன்னாள். இடையிடையே எதையாவது கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஊசி போட வந்த நர்ஸுக்குப் பாவமாக இருந்தது.

"அவருக்குப் பதில் சொல்ல வராதும்மா."

"தெரியும் சிஸ்டர். அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள் ரூபா.

பிறகு அலமாரியிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து வந்தாள். மஞ்சளை உதறி விரித்தாள். "இது வேணுமாப்பா?" என்று எங்கள் மொழியில் கேட்டாள். காத்திருந்தாள். நானும் அண்ணியும் வாசல்படியில் நின்றிருந்தோம். வெகுநேரம் கழித்து, அண்ணனின் இடது கை போர்வைக்கு மேல் நகர்ந்து, மஞ்சள் துண்டை மெல்லத் தள்ளியது.

ரூபா சிரித்தாள். அவர் கண்ணும் சிரித்தது. அந்த வாரத்திலேயே உறக்கத்தில் போனார்.

அண்ணனைத் தாங்கிப் பிடித்த எல்லோரையும் நினைத்துப் பார்க்கிறோம். முதல் ஆளாகக் காது டாக்டரிடம் துரத்திய ஆக்னஸ் டீச்சருக்கும், பேச்சுப் பயிற்சி தந்த அம்மையாருக்கும், கடை முதலாளிக்கும் சக ஊழியர்களுக்கும், வீட்டுக்கு வந்து ஊசி போட்ட சகோதரிக்கும், கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு நாள் அன்று வீட்டில் சாப்பாடு. பிள்ளைகளை அழைத்து வாருங்கள். பந்தியில் அவர்கள் பேசிக்கொண்டே சாப்பிட்டால் யாரும் அதட்ட வேண்டாம். அண்ணன் இருந்திருந்தால் இலையை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.